முப்பத்தெட்டு வாசல்கள்

டிசம்பர் 9, திங்கள்

வெள்ளம் வடிந்து எட்டு நாளாகியும் ஆபீசில் சேற்று வாடை போகவில்லை. பழைய வரைபடங்களை மாடிப்படிக் கைப்பிடியில் காயப்போட்டிருக்கிறோம். போன வாரம் மத்தியக் குழு வந்து, சாலையில் நின்று பார்த்துவிட்டுப் போனது. பலன் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. புயலில் சேதமான வீடுகளைப் பழுதுபார்க்க எங்கள் நகராட்சிக்குப் பேரிடர் நிதி வருகிறதாம்.

சும்மா வராது. வீடு வீடாகப் போய்ப் பார்த்து முழு சேதம், பகுதி சேதம், லேசான சேதம் என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் பழுதுபார்க்கப் பணம் உண்டு. மூன்றாவதற்கு ஏற்கெனவே கொடுத்த போர்வையும் அரிசியும்தான். உதவிப் பொறியாளர் இர்ஃபான் என் கைப்பேசியில் செயலியை ஏற்றிக் கொடுத்தார். என் மகனைவிட இளையவர், எனக்கு மேலதிகாரி. வீட்டுக்கு வெளியே ஒரு படம், உள்ளே ஒரு படம். இரண்டும் இல்லாமல் செயலி அடுத்த வீட்டுக்கு விடாது. பெயரும் பதவியும் கேட்டது. சபாநாயகம், பணி ஆய்வாளர் என்று அடித்தேன். ஊருக்கெல்லாம் நான் ஓவர்சியர் சார். செயலிக்கு அது தெரியாது, பாவம்.

ஜனவரி 31 எனக்கு ஓய்வு. முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. இந்தக் கடைசி வேலையும் சுத்தமாக முடிய வேண்டும்.

டிசம்பர் 12, வியாழன்

மேலக்கடைத் தெரு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பதினோரு வீடுகள்தான் முடிந்தன. மருந்துக்கடைக்காரர் வீட்டில் பூஜை அறைத் தரை ஓரமாக இறங்கியிருக்கிறது. கட்டிலை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரையும் பார்த்தேன். விரிசலில் என் சுண்டுவிரல் போகிறது. பகுதி சேதம். பக்கத்து வீட்டில் அடுக்களை மேடை சுவரைவிட்டு விலகி நிற்கிறது. அதுவும் பகுதி சேதம். நல்ல டிகிரி காபி கொடுத்தார்கள். காபி லஞ்சத்தில் சேராது என்பது என் கட்சி.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்” என்று இர்ஃபானிடம் சொன்னேன். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு என்றால் அடுத்த பொங்கலுக்குத்தான் முடியும் என்றார். வேகம் பார்த்தால் வேலை நிற்காது என்று எனக்கும் தெரியும். வேலை பார்த்தால் வேகம் நிற்காது, அதற்கு நான் என்ன செய்வது?

டிசம்பர் 14, சனி

முட்டிக்கு மேல் சேறு. வேட்டி இரண்டு பாழ். என் மனைவி மங்கைக்குக் கோபம்.

டிசம்பர் 17, செவ்வாய்

குளத்துமேட்டுக் காலனி. முப்பத்தெட்டு வீடுகள். பதினொன்றரைக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடித்துவிட்டேன். இர்ஃபான் வாயைப் பிளந்துவிட்டார்.

காலனியில் இருப்பவர்கள் பாதிப் பேர் எங்கள் நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள். பவுனும் அங்கேதான். எங்கள் தெருவைக் கூட்டுகிறவள். இருபது வருஷமாகத் தெரியும். அவள்தான் முன்னால் நடந்து வீடு வீடாகக் கூப்பிட்டாள். தெரு நேராக, சுத்தமாக இருக்கிறது. வாசற்பக்கச் சுவர்கள் நன்றாகவே நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்பதால் ஓர் ஏற்பாடு செய்தேன். வெளிப்படத்தை நான் எடுத்தேன். கைப்பேசியைக் கொடுத்து, “உள்ள ஒரு படம் எடுத்துட்டு வா” என்றேன். எல்லோருக்கும் எடுக்கத் தெரிகிறது. காலம் மாறிவிட்டது.

வெயில் ஏறியதும் பவுனு யாரிடமோ சொல்லிக் கடையிலிருந்து சோடா வாங்கி வரச்செய்தாள். மூடி திறக்காத பாட்டில். என் முன்னால்தான் உடைத்தார்கள். எப்படித்தான் அறிந்தாளோ, எனக்கு அப்போது சோடாதான் வேண்டியிருந்தது.

படங்களைப் பார்த்தவரை எல்லாம் லேசான சேதம்.

டிசம்பர் 18, புதன்

இன்று எங்கள் தெருவின் முறை. அடுத்த வீட்டு ராஜகோபாலன் சார் வீட்டில் மட்டும் முக்கால் மணி நேரம். அவர் மாடி ஏறி ஓடு எண்ணச் சொன்னார். எண்ணினேன். எங்கள் வீட்டை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. கொல்லைச் சுவர் சாய்ந்திருக்கிறது, ஆனாலும் நானே எனக்கு மதிப்பீடு போட்டுக்கொள்வதா? ராஜகோபாலன் சார் அதைக் கேட்டு, “உங்கள மாதிரி ஆளுங்கள இனிமே பாக்க முடியாது” என்றார். மனசுக்கு நன்றாக இருந்தது.

ஜனவரி 6, திங்கள்

பட்டியல் ஒட்டியாகிவிட்டது. ஆபீஸ் வாசலில் கூட்டம். ஆட்சேபணை இருந்தால் மனுக் கொடுக்கலாம். 24ஆம் தேதி மன்றக் கூட்டத்தில் பட்டியல் இறுதியாகும். அதற்குப் பிறகு பெயர் சேர்க்க முடியாது. வீடுகளுக்குப் போக மிஞ்சும் நிதியைக் காய்கறி அங்காடிக் கூரைக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கப் போகிறார்களாம். அங்காடிக்காரர்கள் இனிப்புடன் வந்திருந்தார்கள்.

மேலக்கடைத் தெருவில் நாற்பது வீட்டில் முப்பத்தொன்று தேறியிருக்கிறது. காலனியில் ஒன்றுகூட இல்லை. பட்டியலில் வரிசையாக ஒரே வார்த்தை முப்பத்தெட்டு முறை வருவது பார்க்க என்னவோபோல் இருந்தது. இருப்பதைத்தானே எழுத முடியும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

ஜனவரி 8, புதன்

மத்தியானம் பவுனு என் மேசைக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை. அதுதான் சங்கடம்.

“சார், எங்க வீட்டுப் பேரு லேசான சேதத்துல இருக்குது.”

“ஆமா.”

“பின்னாடி செவுரு குளத்தப் பாத்து சாஞ்சிருச்சி சார். பனங்கட்ட ரெண்டு முட்டுக் குடுத்துதான் வச்சிருக்கோம். அந்தப் பக்கம் யாரும் படுக்கறதில்ல. எம் மருமவளுக்கு மாசி கடைசில பிரசவம். புள்ளயப் பெத்துக்கினு எங்க வந்து படுப்பா?”

நான் செயலியைத் திறந்து அவள் வீட்டுப் படத்தைக் காட்டினேன். மஞ்சள் சுவர். அதில் சாமி படங்கள், அவள் மகன் பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் படம், ஒரு கடிகாரம். ஒரு கீறல் இல்லை.

“இது நீ எடுத்ததுதானே?”

“நான்தான் சார். உள்ள ஒரு படம் எடுத்துட்டு வான்னீங்க. ஆபீசுல எல்லாரும் பாப்பாங்களேன்னு கொடியில கெடந்த துணியெல்லாம் எடுத்துட்டு, நல்ல செவுரா பாத்து எடுத்தேன்.”

“இடிஞ்ச சுவரை எடுக்கணும்னு தெரியாதா?”

“நீங்க சொல்லலியே சார். வெளியாளு வந்தா இடிஞ்ச செவுரயா காட்டுவாங்க?”

அவள் போன பிறகு காலனியின் மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். டிவி. பித்தளைக் குடங்கள் அடுக்கிய அலமாரி. புதுக் கட்டில். ஒரு வீட்டில் குழந்தையைச் சுவரோரம் நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டும் விருந்தாளிக்குக் காட்டும் சுவர்கள்.

இந்த மனிதர்களுக்கு விவரம் போதாது. வேறென்ன சொல்வது?

ஜனவரி 9, வியாழன்

இர்ஃபானிடம் பேசினேன். ஒரு வீடு என்றால் சுலபமாம். படம் மாறிப் பதிவாகிவிட்டது என்று திருத்தம் போட்டுக் கொடுத்தால் அவர் ஒப்புதல் கொடுத்துவிடுவார். “முப்பத்தெட்டையும் தொட்டா மறு ஆய்வு சார். முதல் ஆய்வு ஏன் தப்புன்னு கமிஷனருக்கு எழுதணும். நீங்க ரிட்டயர் ஆகிற மாசம். எதுக்கு?”

நல்ல பிள்ளை. பவுனு வீட்டை மட்டும் பகுதி சேதமாகத் திருத்திக் கொடுத்துவிட்டேன். அவள் சொன்ன பனங்கட்டை பொய்யாக இருக்காது. போய்ப் பார்க்க நேரமில்லை.

ஜனவரி 10, வெள்ளி

காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மங்கை, நான் வாசல் கேட் அருகே பவுனிடம் பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

“உன் பேரு வந்துரும்” என்றேன் பவுனிடம். அவள் துடைப்பத்தை நிறுத்திக் கும்பிட்டாள். பிறகு, “மத்த வீடு சார்?” என்றாள். அது என் கையில் இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுக் கூட்ட ஆரம்பித்தாள்.

டிபன் வைக்கும்போது மங்கை கேட்டாள். “அங்க எத்தன வீட்டுக்குள்ள போனீங்க?”

“எல்லா வீட்டையும் பார்த்தேன்.”

“பார்த்தீங்க. உள்ள போனீங்களா? ராஜகோபாலன் வீட்டுக்கே முக்கா மணி நேரம். அங்க ரெண்டு மணி நேரத்துல முப்பத்தெட்டா?”

சட்னியில் உப்பு அதிகம் என்றேன். அவள் ருசி பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

ஜனவரி 13, திங்கள்

போகி. எரிக்கக் காய்ந்த பொருள் எதுவும் ஊரில் இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் விடுமுறையில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மகன் போன் செய்து, ஓய்வுபெறும் நாள் விழாவுக்கு வருகிறேன் என்றான். சால்வைக்கும் மாலைக்கும் ஆபீசில் ஏற்பாடு செய்கிறார்களாம். யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் எழுத உட்கார்ந்தேன். பட்டியல் என்று தலைப்பு எழுதியதோடு தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

இன்று காலை பவுனு கேட்டில் நின்று, “சார், என் பேர எடுத்துடுங்க” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “விளையாட்டா? திருத்தம் போட்டு வாங்கியிருக்கேன்.”

“தெருக்குழாயில தண்ணி புடிக்கப் போனா யாரும் பேச மாட்டேங்குறாங்க சார். பவுனு மட்டும் ஓவர்சியர் சார்கிட்ட என்ன சொல்லி வாங்குனான்னு கேக்குறாங்க. பதினாறாம் நம்பர் வீட்ட வந்து பாருங்க. என் வீட்ட விட மோசம். அந்தம்மா தரைய மரக்கதவு போட்டு மூடி வச்சிருக்குது. அவங்களுக்கு இல்லாதத நான் வாங்கி அங்க எப்படிக் குடியிருக்கறது?”

“உன் மருமக பிரசவத்துக்கு?”

“புள்ளயப் பெத்துக்கினு அவங்க அம்மா வூட்லயே இருக்கட்டும்” என்றாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபீசுக்குப் போகாமல் நேராகக் காலனிக்கு நடந்தேன். பவுனு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். கழற்றி மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குனிந்து உள்ளே போனேன். அவளுடைய மருமகள் என்னைக் கண்டதும் பதறி எழுந்து வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டாள். அவள் வீட்டுக்குள் நான், அவள் தெருவில்.

மஞ்சள் சுவருக்கு எதிர்ச்சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. பனங்கட்டைகள் இரண்டு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே வானம் தெரிகிறது. தண்ணீர் தெருப்பக்கமாக வரவேயில்லை. பின்னால் குளத்திலிருந்து ஏறியிருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் நூறு வருஷமானாலும் தெரியாது. பதினாறாம் நம்பரில் கதவைத் தூக்கிக் காட்டினார்கள். கீழே தரையே இல்லை.

நான் படித்தது கட்டடம். என் தொழில் கட்டடம். உள்ளே ஓர் எட்டு வைத்திருந்தால் போதும்.

ஜனவரி 21, செவ்வாய்

இர்ஃபான் மறு ஆய்வுப் படிவத்தைத் திரையில் திறந்தார். “முதல் ஆய்வு தவறானதற்குக் காரணம்” என்று ஒரு கட்டம்.

“மழைன்னு போடலாம் சார்” என்றார்.

அன்று வெயில் என்றேன்.

“நெட்வொர்க் இல்லைன்னு போடலாம்.”

படங்கள் ஏறியிருக்கின்றனவே.

பிறகு நானே அடித்தேன். ‘ஆய்வாளர் வீடுகளுக்குள் செல்லவில்லை.’ இர்ஃபான் படித்தார். ஏன் என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“கமிஷனர் சும்மா விட மாட்டாரு சார். சேர்மனுக்கு அங்காடிக் கூரை வேணும்.”

“அனுப்புங்க தம்பி” என்றேன்.

ஜனவரி 22, 23

இரண்டு நாளும் காலனி. நானும் இர்ஃபானும். முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு அடுக்களை, பின்பக்கம் எல்லாம். முழு சேதம் ஐந்து. பகுதி சேதம் இருபத்தாறு. லேசானது ஏழுதான். இடுப்பு விட்டுப்போயிற்று. மேலே எழுதத் தெம்பில்லை.

ஜனவரி 24, வெள்ளி

மன்றத்தில் மூன்று மணி நேரம் சத்தம். அங்காடிக்காரர்கள் வெளியே நின்றார்கள். படங்கள் செயலியில் ஏறி மேலிடத்துக்குப் போய்விட்டதால் மறைக்க வழியில்லை. காலனியின் முப்பத்தொரு வீடுகளும் பட்டியலில் சேர்ந்தன. அங்காடிக் கூரைக்குத் தகரம் மாற்றும் அளவுக்கு மட்டும் மிச்சமாம்.

கமிஷனர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

ஜனவரி 31, வெள்ளி

மாலை நான்கு மணிக்குத் தபால் பிரிவிலிருந்து ஓர் உறை. நான் ஓய்வுபெற அனுமதி இல்லை. கடமை தவறியதாகக் குற்றச்சாட்டு மெமோ. விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் நிற்கும். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். சால்வை வாங்கி வைத்திருந்த எழுத்தர் அதை மேசைக்கடியில் தள்ளினார். மகன் பஸ் ஏறி வந்திருந்தான். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பதுபோல், “என்னப்பா ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டான். மங்கைதான் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மெமோவுக்கு அல்ல.

பிப்ரவரி 4, செவ்வாய்

எல்லோரிடமும் எனக்காக ஒரு காரணம் இருக்கிறது. ராஜகோபாலன் சார் எலும்பு டாக்டர் ஒருவரைத் தெரியும் என்கிறார். முழங்கால் தேய்மானம் என்று முன்தேதியிட்டு எழுதி வாங்கிவிடலாமாம். “கேசே நிக்காது. அங்கெல்லாம் யாரு உள்ள போவாங்க?” என்று சாதாரணமாகச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

காலை ஏழு மணி. கேட்டில் பவுனும், பதினாறாம் நம்பர் அம்மா காசியம்மாளும், இன்னொரு பெண்ணும். உள்ளே வரச் சொன்னேன். தயங்கினார்கள். மங்கை போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

பவுனு மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். கமிஷனருக்கு மனு. கீழே முப்பத்தெட்டு வீட்டின் கையெழுத்துகள், சில கைநாட்டுகள். அவள் மகன் எழுதியிருக்கிறான், அழகான கையெழுத்து. ‘ஓவர்சியர் ஐயா எங்கள் வீடுகளுக்குள் வந்து பார்க்கத் தயாராக இருந்தார். அவருக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததால் நாங்களே உள்ளே வர வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். தவறு எங்களுடையது.’

“எனக்கு முழங்கால் வலின்னு யார் சொன்னது?”

“தெருவுல பேசிக்கிட்டாங்க சார். நாங்க அத அப்படியே எழுதிட்டோம்.”

“எதுக்கு பவுனு இதெல்லாம்?”

“எங்க பேருதான் வந்துருச்சே சார். வர்ற வாரம் செவுரு கட்ட ஆளு வரான். உங்களுக்குப் பென்சன் நின்னா இந்த வூடு எப்படி ஓடும்?”

காசியம்மாள், “கொல்லச் செவுரு சாஞ்சிருக்குதே, அதையும் பாருங்க” என்றாள். வந்த ஐந்து நிமிஷத்தில் என் வீட்டின் சேதத்தை அவள் பார்த்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதைக் கொடுத்தால் நான் தப்பித்துவிடலாம். மங்கையும் மகனும் நிம்மதியாக இருப்பார்கள். எழுதியவர்கள் மனமார எழுதியிருக்கிறார்கள். மங்கையிடம் காட்டினேன். படித்துவிட்டு, “உங்க இஷ்டம்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

விளக்கம் எழுதிவிட்டேன். இங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும்.

‘ஐயா, குளத்துமேட்டுக் காலனி மக்கள் என்மீது கொண்ட இரக்கத்தால் தங்களிடம் ஒரு மனு கொடுக்க இருந்தார்கள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, அதை நான் தங்களிடம் சேர்க்கப் போவதில்லை. அதில் உள்ளது உண்மையல்ல. எனக்கு எந்த நோயும் இல்லை. அன்று என்னை யாரும் தடுக்கவில்லை. முப்பத்தெட்டு வாசலிலும் “உள்ள வாங்க சார்” என்று கூப்பிட்டார்கள். அவர்கள் யார் என்பதால்தான் நான் உள்ளே போகவில்லை.’

கடைசி வாக்கியத்தை எழுதத்தான் காலை முழுவதும் ஆயிற்று.